துணியைக் கேட்டு பிரிண்டர் வாங்குங்கள்

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. இளைஞர் மன்றத்துப் பையன்கள் அறுபது பேரும் அன்று ஒரே மாதிரி வெள்ளை டி-ஷர்ட்டில் வந்து நின்றார்கள். முதுகில் அம்மன் படம், அதன் கீழே மன்றத்தின் பெயர். அச்சடித்துக் கொடுத்தவன் என் அக்கா மகன். தொழில் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதுதான் முதல் பெரிய ஆர்டர். படம் கொஞ்சம் வெளிறித் தெரிகிறதே என்றேன். “பழைய போட்டோ எஃபெக்ட் மாமா” என்றான். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஆடி முடித்து, அவரவர் வீட்டில் சோப்புப் போட்டுத் துவைத்தார்கள். மறுநாள் காலை தெருவெங்கும் கொடிகளில் தொங்கிய சட்டைகளில் அம்மனைக் காணோம். மஞ்சள் கறை மட்டும் பத்திரமாக இருந்தது.

அன்று இரவு வீட்டுக்கு வந்தவன் கேட்ட முதல் கேள்வி: “இன்னும் காஸ்ட்லியா ஒரு பிரிண்டர் வாங்கினா சரியாயிடுமா மாமா?”

“துணி என்ன துணிடா?”

“நல்ல துணி மாமா. நூறு பர்சென்ட் காட்டன். திருப்பூர் காதர்பேட்டைக்கு நானே போய்த் தொட்டுப் பார்த்து எடுத்தது.”

கோளாறு அங்கேதான். அவனிடம் இருந்த பிரிண்டர் அந்த வேலைக்குப் போதுமானது. ஊற்றிய மையும் சரி. நல்ல துணி எடுத்ததுதான் அவனைக் கவிழ்த்தது.

வீட்டின் முன் அறையில் மக், டி-ஷர்ட், சாவிக்கொத்து அச்சடித்துப் பிழைக்கலாம் என்ற எண்ணத்தோடு நிறையப் பேர் இறங்குகிறார்கள். காதுகுத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட், பள்ளி விளையாட்டு விழா, கல்லூரி சிம்போசியம், கபடி அணியின் ஜெர்சி, பழனிக்குப் போகும் பாதயாத்திரைக் குழு என்று ஆர்டருக்குப் பஞ்சமில்லை. எல்லாரும் ஒரே இடத்தில் தொடங்குகிறார்கள்: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பக்கத்து ஊர்க் கம்ப்யூட்டர் கடையிலோ போய், “ஹீட் டிரான்ஸ்ஃபருக்கு விலை குறைவா ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் கொடுங்க” என்று கேட்கிறார்கள். கடைக்காரரும் கொடுக்கிறார். என்ன துணியில் அடிக்கப் போகிறீர்கள் என்று அவர் கேட்பதில்லை. கேட்பது அவர் வேலையும் இல்லை.

கற்பூர வித்தை

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் உருகி ஓடுவதில்லை. இருந்த இடம் தெரியாமல் காற்றில் போய்விடுகிறது. திடப்பொருள் திரவமாகாமல் நேரே ஆவியாவதைப் பள்ளிக்கூடத்தில் பதங்கமாதல் என்று படித்தோம். அச்சுத் தொழிலில் அதையே சப்ளிமேஷன் என்கிறார்கள். சப்ளிமேஷன் மையில் இருப்பது அந்தக் குணம் கொண்ட சாயத்தூள். தண்ணீரில் கரையாமல், மிக நுண்ணிய துகளாக மிதந்துகொண்டிருக்கும். பேப்பரில் அச்சாகும்போது சும்மா படிந்து உட்காரும். அந்தப் பேப்பரைத் துணிமேல் கவிழ்த்து 190, 200 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் போல அழுத்தினால் துகள்கள் ஆவியாகித் துணிக்குள் போகும்.

போக வேண்டுமென்றால் துணி கதவைத் திறக்க வேண்டும். பாலியஸ்டர் திறக்கும். அந்தச் சூட்டில் அதன் இழைக்குள் மூலக்கூறுகள் நெகிழ்ந்து இடம் விடுகின்றன. ஆவி உள்ளே நுழைகிறது. ஆறியதும் இழை இறுகி, சாயத்தை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறது. தொட்டுப் பார்த்தால் மேலே எதுவும் ஒட்டியிருப்பதாகத் தெரியாது. எத்தனை முறை துவைத்தாலும் போகாது. பருத்தி இழைக்கும் இந்தச் சாயத்துக்கும் அப்படி ஓர் ஒட்டுறவே கிடையாது. சாயம் வாசலிலேயே நிற்கும், சோப்புத் தண்ணீர் வந்ததும் கிளம்பிவிடும். எங்கள் ஊர் அம்மன் போனது இப்படித்தான்.

இந்தச் சாயக் குடும்பத்துக்குப் பருத்தியோடு பழைய பகை என்று சொல்வதற்கில்லை. பிறந்ததே வேறு வீட்டில். அசிடேட் என்ற செயற்கை இழைக்குச் சாயம் ஏறவில்லை என்பதால் 1920-களில் உருவாக்கப்பட்டது அது. 1941-இல் இங்கிலாந்தில் விண்ஃபீல்டும் டிக்சனும் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். டெரிலின் என்ற பெயரில் அது நம் அப்பாக்களின் கல்யாணச் சட்டையாகி, பிறகு டெரிகாட்டனாகவும் ஊருக்குள் வந்தது. 1957-இல் பிரான்ஸில் நோயல் த பிளாஸ் என்பவர் இந்தச் சாயங்களைச் சூடுபடுத்தினால் பேப்பரிலிருந்து துணிக்கு மாறுகின்றன என்று கண்டுகொண்டார். இன்று பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ஐந்து நிமிடத்தில் மக் அடித்துக் கொடுப்பதன் மூலம் அதுதான்.

மக்கில் எங்கே பாலியஸ்டர் என்று கேட்கலாம். சப்ளிமேஷன் மக் என்று விற்பதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பாலிமர் பூச்சு இருக்கிறது. சாயம் போவது அதற்குள். பாத்திரக்கடையில் வாங்கிய சாதாரணப் பீங்கான் கோப்பையில் எந்த பிரிண்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. பூச்சு மட்டமாக இருந்தால், வாங்கியவர் வீட்டில் கம்பி நாரால் நான்கு முறை தேய்த்ததும் குழந்தையின் முகம் தேய ஆரம்பிக்கும்.

இன்னொரு கட்டுப்பாடு, பலர் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வது: இந்த மையில் வெள்ளை கிடையாது. துணியின் வெள்ளைதான் படத்தின் வெள்ளை. கறுப்பு டி-ஷர்ட்டில் அடித்தால் ஒன்றும் தெரியாது. மஞ்சள் துணியில் நீலம் பச்சையாகும். ஆக, சப்ளிமேஷன் என்றால் வெள்ளை அல்லது வெளிர் நிறப் பாலியஸ்டர், பூச்சு போட்ட மக், டைல்ஸ், உலோகத் தகடு, சாவிக்கொத்து. ஜெர்சிக்காரர்கள் டாட் நெட், சரினா என்று சொல்லும் துணிகள் இதற்குத் தோதானவை. பருத்திதான் வேண்டும் என்பவருக்கு வழி வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹெட்டைப் பாருங்கள்

துணி முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்துப் பார்க்க வேண்டியது பிரிண்டரின் விலையோ வேகமோ இல்லை. உள்ளே மையைத் துப்பும் ஹெட் எந்த வகை என்பது.

இங்க்ஜெட்டில் இரண்டு சாதி உண்டு. ஒன்று சூட்டால் துப்புவது. 1977-இல் கேனன் ஆய்வுக்கூடத்தில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக ஒரு சிரிஞ்சின் ஊசியில் பட்டு, ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது என்பது அந்த நிறுவனமே சொல்லும் கதை. பபிள் ஜெட் அப்படிப் பிறந்தது. எச்.பி.யும் தனியாக இதே வழியில் வந்து 1984-இல் திங்க்ஜெட்டை வெளியிட்டது. ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டி ஹீட்டர். கண்ணிமைக்கும் நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கில் அது 300 டிகிரியைத் தாண்டும். மையில் குமிழி எழும். குமிழி மையை வெளியே தள்ளும்.

மற்றது அழுத்தத்தால் துப்புவது. சில படிகங்களுக்கு மின்சாரம் கொடுத்தால் லேசாக வளையும். அந்த வளைவே மையைப் பிதுக்கி அனுப்பும். சூடு என்ற பேச்சே இல்லை. பியெஸோ என்று பெயர். எப்சன் பிடித்துக்கொண்ட வழி இது. 1993-இல் வந்த அதன் ஸ்டைலஸ் 800-இல் இருந்து இன்றைய டேங்க் பிரிண்டர்கள்வரை அதே கொள்கைதான். பிரதர் இங்க்ஜெட்டுகளும் பியெஸோவே.

சூடு பட்டால் ஆவியாவதற்கென்றே செய்யப்பட்ட மையை, சூட்டால் துப்பும் ஹெட்டில் ஊற்றினால் என்ன ஆகும்? சாயம் ஹீட்டரின் மேலேயே தீய்ந்து படியும். துளைகள் ஒவ்வொன்றாகச் சாகும். “கேனனிலும் ஓடுதுங்க, எச்.பி.யிலும் ஓட்டிட்டிருக்கோம்” என்று காட்டுகிற கடைகள் உண்டு. ஓடும். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. ஆவணங்கள் அச்சடிக்க அந்த பிரிண்டர்கள் அருமையானவை. நானே வீட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். இந்த வேலைக்கு அவை பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே தமிழ்நாட்டில் மக் கடை எதற்குள் நுழைந்தாலும் எப்சன் இருப்பதற்குக் காரணம் விளம்பரம் இல்லை. ஹெட்தான். பிரதரின் டேங்க் மாடல்கள் பேப்பரை முன்பக்க டிரேயிலிருந்து இழுத்து உள்ளே வளைத்துத் திருப்புகின்றன. கொஞ்சம் கனமான, ஓரம் சுருளும் சப்ளிமேஷன் பேப்பருக்கு அந்த வளைவு பிடிக்காது. பின்பக்கம் நேராகச் செருகி முன்னால் வாங்கும் பிரிண்டரில் ஜாம் குறைவு. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். நாளைக்கு நூறு ஷீட் ஓட்டும்போது தெரியும் அருமை.

எது போதும்?

இந்தத் தொழிலை ஏழைக்கும் எட்ட வைத்தது இங்க் டேங்க். அதற்குமுன் கார்ட்ரிட்ஜ் பிரிண்டரில் வெளியே பாட்டில்களைக் கட்டி, டியூப் இழுத்து, ஓட்டை போட்டு உள்ளே விட்டு ஓட்டினார்கள். ஆசிய நாடுகள் முழுக்க இந்தக் கைவேலை நடந்தது. அதைப் பார்த்துவிட்டு எப்சனே 2010-இல் இந்தோனேசியாவில் டேங்க் வைத்த பிரிண்டரை இறக்கியது. பிறகு நம்மூருக்கும் வந்தது. மை பாட்டிலை மூடி திறந்து ஊற்றலாம் என்றானதும், எந்த மையை ஊற்றுவது என்ற சுதந்திரமும் தானாக வந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை புதிதாக வருபவர் கையில் எப்சனின் எல்130 இருக்கும். ஸ்கேனர் இல்லை, வைஃபை இல்லை. யுஎஸ்பி வயர் ஒன்று, நான்கு நிறம், ஏ4. என் அக்கா மகனிடம் இருப்பதும் யாரோ வாங்கிப் பெட்டி பிரிக்காமல் வைத்திருந்த எல்130தான். இன்று அந்த இடத்தில் எல்3210 போன்றவை. ஸ்கேனர் சேர்ந்து வரும். வைஃபை வேண்டுமென்றால் எல்3250. அச்சுத் தரத்தில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தேட வேண்டாம். பெட்டியில் 5760 என்று பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். துணியின் நூலுக்கு அந்த எண் தெரியாது.

இவற்றுக்கு மேல் ஆறு நிற பிரிண்டர்கள்: முன்பு எல்805, இப்போது எல்8050. வழக்கமான நான்கோடு வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் சேரும். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கன்னத்திலிருந்து கழுத்துக்கு நிழல் இறங்கும் இடத்தில் புள்ளி தெரியாமல் வழுவழுவென்று வரும். பளபளக்கும் உலோகத் தகட்டிலும் கல்லிலும் கல்யாண போட்டோ அடித்து விற்கப் போகிறவர் அதை வாங்கலாம். மக்கிலும் டி-ஷர்ட்டிலும் அந்த நுணுக்கத்தில் பாதி தொலைந்துபோகும். முதல் ஒரு வருடத்துக்கு நான்கு நிறமே போதும் என்பது என் கருத்து. நன்றாகச் சம்பாதித்த பிறகு ஆறுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறில் தொடங்கி, ஹீட் பிரஸ் வாங்கக் காசில்லாமல் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பார்த்தவரையும் பார்த்திருக்கிறேன்.

ஏ4 போதுமா, ஏ3 வேண்டுமா? கையில் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு யோசியுங்கள். சாதாரண 11 அவுன்ஸ் மக்கின் கைப்பிடியை விட்டுச் சுற்றி வரும் படம் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் உயரம். ஏ4-இன் அகலம் 21. இரு பக்கமும் 3 மில்லிமீட்டர் ஓரம் போனாலும் 20.4 மிஞ்சுகிறது. நீளம் 29.7, ஒன்பது ஒன்பதாக மூன்று பட்டை தாராளம். ஆக ஒரு ஏ4 ஷீட்டில் மூன்று மக். ஓரமில்லாமல் அச்சடிக்கும் வசதிக்குத் தனியாகப் பணம் கொடுக்கவே வேண்டாம். டி-ஷர்ட் கதை வேறு. நெஞ்சில் ஒரு சின்னம், குழந்தைகள் அளவு என்றால் ஏ4. எக்ஸ்எல் போடும் கபடி வீரர் முதுகில் ஏ4 படம் தபால்தலை மாதிரி இருக்கும். வேலையில் பாதிக்கு மேல் பெரியவர்களின் சட்டை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஏ3. சந்தேகம் இருந்தால் ஏ4 வாங்கிவிட்டு, பெரிய படத்தைத் தெரிந்த கடையில் ஷீட் கணக்கில் அடித்து வாங்குங்கள்.

தொழிற்சாலையிலிருந்தே சப்ளிமேஷனுக்கென்று வரும் பிரிண்டரும் இருக்கிறது. எப்சனின் எஃப்130 அப்படி ஒன்று. அமெரிக்காவில் அதே இனம் எஃப்170 என்ற பெயரில் விற்கிறது. ஏ4 அளவு, அதற்குரிய மை, கையில் வாரண்டி. சாதாரண டேங்க் பிரிண்டரில் வேறு மை ஊற்றிய அன்றே வாரண்டியை மறந்துவிட வேண்டும் என்பதை நினைத்தால் இது நிம்மதி. ஆனால் விலை கணிசமாகக் கூடும், மையும் அப்படியே. தினமும் ஐம்பது, நூறு என்று நிலையான ஆர்டர் இருக்கும் கடைக்கு அது நியாயம். வாரத்துக்குப் பத்து மக் அடிப்பவருக்கு அந்த நிம்மதி கொஞ்சம் ஆடம்பரம்.

புதிது வாங்கியதும் எல்லாரும் செய்கிற தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியோடு வந்த மையை ஊற்றாதீர்கள். “சும்மா டெஸ்டுக்கு” என்று ஊற்றினால் அது டியூப், டேம்பர், ஹெட் என்று எல்லா இடத்திலும் ஏறி நிற்கும். பிறகு சப்ளிமேஷன் மை ஊற்றினால் இரண்டும் கலந்து, வாரக்கணக்கில் நிறம் பேய்க்கூத்து ஆடும். அந்தப் பாட்டில்களை அதே மாடல் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் பாதி விலைக்குக் கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். பழைய பிரிண்டர் மலிவாக வருகிறது என்றால் இதையே யோசியுங்கள்: உள்ளே என்ன மை ஓடியது, நாசில் செக் அடித்தால் கோடு விடாமல் வருகிறதா, வேஸ்ட் இங்க் பேட் எந்த நிலையில். ஹெட் கழுவும் ஒவ்வொரு முறையும் மை அடியில் உள்ள பஞ்சுக்குப் போகிறது. ஒரு கணக்குக்கு மேல் போனதும் பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். சர்வீஸ் கடையில் ரீசெட் செய்து தருவார்கள். பஞ்சை மாற்றாமல் ரீசெட் மட்டும் செய்துகொண்டே போனால் ஒரு நாள் மேசைமேல் மை வழியும்.

ஒரு முறை சப்ளிமேஷன் ஆகிவிட்டால் அந்த பிரிண்டரில் பையனின் ஸ்கூல் புராஜெக்ட் அடிக்க முடியாது. காகிதத்தில் இந்த மை செத்துப்போன நிறத்தில்தான் வரும். கறுப்பு சாம்பல் பூத்து, சிவப்பு செங்கல் பொடி மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். சூட்டில் போன பிறகுதான் அது உயிர் பெறும். ஆனால் உயிர் பெற்ற பிறகும் கறுப்பு பழுப்படித்தால், தோல் பச்சையடித்தால், மைக்கும் கம்ப்யூட்டருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை என்று பொருள். மை விற்பவரிடம் அந்த மைக்கும் உங்கள் பிரிண்டர் மாடலுக்கும் உரிய ஐசிசி புரொஃபைல் ஃபைலைக் கேளுங்கள். கொடுக்கத் தெரியாதவரிடம் மை வாங்காதீர்கள். பத்து ரூபாய் மிச்சம் என்று பாட்டிலுக்குப் பாட்டில் கம்பெனி மாற்றாதீர்கள். போன மாதம் அடித்த பள்ளிச் சீருடை நீலம் இந்த மாதம் வராது.

கண்ணாடி பிம்பமாக அடிக்கும் டிக்கை மறப்பது இன்னொரு சடங்கு. எல்லாருக்கும் ஒரு தரமாவது நடக்கும். தமிழ் எழுத்தில் ப-வும் ம-வும் கலந்து வரும் பெயரில் முதல் பார்வைக்கு அது பிடிபடாது என்பது கூடுதல் வேடிக்கை.

பருத்திக்காரர்களுக்கு

“என் கஸ்டமர் காட்டன்தான் கேக்கிறாங்க” என்றால், அதுவும் கறுப்பு டி-ஷர்ட்டில் ஹீரோ முகம் வேண்டும் என்றால், மேலே சொன்ன எதுவும் உதவாது. ஹீரோ முகமும் கார்ட்டூன் பொம்மையும் வேறொருவருக்குச் சொந்தமானவை என்பதையும் காதில் போட்டு வைக்கிறேன். சரி, வழி இரண்டு.

ஒன்று, டிரான்ஸ்ஃபர் பேப்பர். அதில் மையோடு சேர்ந்து ஒரு மெல்லிய படலமே துணியில் ஒட்டும். இதற்குச் சாயம் கரைந்த மையைவிட, துகளாக இருக்கும் பிக்மென்ட் மை நல்லது, தண்ணீரில் கசியாது. எப்சன் ட்யூராபிரைட் என்ற பெயரில் விற்பது அந்த வகை. வெளிர் துணிக்கு ஒரு பேப்பர், கருந்துணிக்கு வேறு பேப்பர். வெளிருக்குத் திருப்பி அடிக்க வேண்டும். கருந்துணிக்கு நேராக அடித்து ஓரத்தை வெட்டி எடுக்க வேண்டும். இங்க்ஜெட் டிரான்ஸ்ஃபர் பேப்பரை லேசர் பிரிண்டரில் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டு உருளையில் உருகி ஒட்டிக்கொண்டால் பேப்பர் போனதோடு முடியாது. ஒன்றிரண்டு சட்டைக்கு இந்த முறை பரவாயில்லை. நெஞ்சில் பிளாஸ்டிக் ஒட்டிய மாதிரி இருக்கும்; துவைக்கத் துவைக்க வெடிக்கும். காசு வாங்கிக்கொண்டு கொடுக்க எனக்கு மனசு வராது.

இரண்டாவது, டிடிஎஃப். பெட் ஃபிலிமில் நிற மையும் அதன்மேல் வெள்ளை மையும் அடித்து, பசைப் பொடி தூவி, உருக்கி, துணியில் அழுத்துவது. பருத்தியோ கறுப்போ கவலையில்லை. எல்1800, எல்805 பிரிண்டர்களைப் பிரித்து டிடிஎஃப் ஆக மாற்றி “குறைந்த விலை மெஷின்” என்று விற்பதைப் பார்த்துத்தான் புதியவர்கள் விழுகிறார்கள். வெள்ளை மைக்குள் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. கனமான தூள், ஆட்டாமல் விட்டால் அடியில் தங்கிவிடும். இரண்டு நாள் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் ஹெட் அடைத்திருக்கும். அந்த மெஷினுக்குத் தினமும் தீனி வைத்தாக வேண்டும். மாடு வளர்ப்பது மாதிரி.

நான் சொல்வதைக் கேட்டால், பருத்திக்காரர் பிரிண்டரே வாங்க வேண்டாம். திருப்பூரிலும் மற்ற ஊர்களிலும் பெரிய டிடிஎஃப் மெஷின் வைத்திருப்பவர்கள் மீட்டர் கணக்கில் அடித்துக் கொடுக்கிறார்கள். டிசைனை நெருக்கமாக அடுக்கி அனுப்பினால் ஃபிலிம் சுருள் பார்சலில் வந்து சேரும். உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல ஹீட் பிரஸ் மட்டும். அடைப்பது, ஆட்டுவது, கழுவுவது எல்லாம் அவர் தலைவலி. ஒரே எச்சரிக்கை: சிவப்புப் பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எண் ஒட்டும்போது சூடு கூடினால், துணியில் உள்ள சிவப்பு ஆவியாகி வெள்ளைக்குள் ஏறி அதை ரோஸ் ஆக்கிவிடும். அதே கற்பூர வித்தை, இந்த முறை நமக்கு எதிராக.

மிச்சக் காசு எங்கே போக வேண்டும்

பிரிண்டரில் மிச்சம் பிடித்ததைப் பிரஸ்ஸில் போடுங்கள். புதிதாக வருபவரின் பட்ஜெட்டில் பிரிண்டர் பாதியைத் தாண்டக் கூடாது என்பேன். படம் கெடுவது பெரும்பாலும் பிரிண்டரில் அல்ல, பிரஸ்ஸில். மலிவான தட்டை பிரஸ்ஸில் திரை 200 என்று காட்டும். மூலையில் 180 இருக்கும். வாங்குமுன் சோதிக்க எளிய வழி: ஏ4 முழுக்க ஒரே அடர் நீலம் அடித்து எடுத்துப் போங்கள். வெள்ளைப் பாலியஸ்டர் துணியில் அந்த பிரஸ்ஸிலேயே அழுத்தச் சொல்லுங்கள். எங்கே நீலம் வெளிறுகிறதோ அங்கே சூடு எட்டவில்லை. இதைச் செய்ய விடாத கடையில் வாங்க வேண்டாம். 15-க்கு 15 அங்குல பிரஸ் ஒன்றரை கிலோவாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். மிக்ஸி ஓடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி ப்ளக் உருகியதை என் கண்ணால் பார்த்தேன். 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் தனியாக வேண்டும். ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும், அந்தப் புகை சுவாசிக்க நல்லதில்லை.

கணக்குப் போடும்போது மையின் விலையை எல்லாரும் பெரிதாக நினைக்கிறார்கள். ஒரு மக்குக்கு ஆகும் மை சொற்பம். பேப்பர் ஷீட்டில் மூன்றில் ஒரு பங்கு. காசு போவது வெள்ளை மக்குக்கும், அதைவிட முக்கியமாக, கெட்டுப்போன மக்குக்கும். பத்தில் இரண்டு கெட்டால் லாபத்தில் பெரும்பகுதி குப்பைத்தொட்டியில். டேப் சரியாக ஒட்டாததால் பேப்பர் நகர்ந்து படம் இரட்டையாவது, துணியில் ஈரம் இருந்து திட்டு விழுவது, ஒரு நூல் பிசிறு உட்கார்ந்து நீலப் புள்ளியாவது என்று எல்லாம் பத்து நொடிக் கவனத்தில் தடுக்கக்கூடியவை. முதலில் துணியை ஐந்து பத்து நொடி வெறுமனே அழுத்தி ஈரத்தை விரட்டுங்கள், பிசிறு எடுக்கும் உருளையால் ஒரு ஓட்டு ஓட்டுங்கள், பட்டர் பேப்பரை மேலும் கீழும் வையுங்கள்.

பிரிண்டர் சாவது வேலை செய்து அல்ல, சும்மா இருந்து. மார்கழியில் கல்யாண ஆர்டர் இருக்காது. மூடி வைத்துவிட்டுப் போவோம். தையில் திறந்தால் மெஜந்தா வராது. ஆர்டர் இல்லாவிட்டாலும் இரண்டு நாளுக்கு ஒரு தரம் நான்கு நிறப் பட்டை ஒன்றை அடித்துவிடுங்கள். ஹெட் கிளீனிங்கைப் பத்து முறை அழுத்துவதைவிட இது மலிவு.

அறுபது சட்டைக்கும் அக்கா மகன் பணம் திருப்பிக் கொடுத்தான். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. காஸ்ட்லி பிரிண்டர் பேச்சு நின்றது. கன்னியாகுமரிவரை நடக்கும் ஒரு குழுவினர் போன மாதம் நாற்பது டி-ஷர்ட் கேட்டார்கள். துணி எடுக்க என்னையும் கூட்டிப்போனான். கடைக்காரர் ஒரு வெள்ளைக் கட்டை எடுத்துப் போட்டு, “ப்யூர் பாலியஸ்டர் தம்பி, சப்ளிமேஷனுக்குன்னே வந்தது” என்றார். இவன் ஓரத்தில் ஒரு நூலை உருவி, வாசலுக்குப் போய், தீக்குச்சி கிழித்து அதில் காட்டினான். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் உதிரும். நூல் சுருங்கி, உருகி, நுனியில் கறுப்பாக ஒரு கடுகளவு மணியாய் இறுகியது. விரலால் நசுக்கிப் பார்த்தான். நசுங்கவில்லை.

“கடைக்குள்ள நெருப்பு வைக்கிறான் சார் உங்க பையன்” என்றார் கடைக்காரர்.

“நாற்பது பீஸ் போடுங்கண்ணே” என்றான்.